துவக்குப் படம் போட்ட சுவெற்றர்

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு உங்களில் சிலர் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம், "அன்ரி, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, எங்களுக்கு உதவும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒருவரைக் கட்டிலில் எப்படித் திருப்புவது, ஊசியை எங்கே போடுவது, காலில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது, இதையெல்லாம் உங்களுக்குப் படிப்பில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. ஒரு சுவெற்றரைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம், அந்தச் சுவெற்றரால் ஒரு மனிதர் சாகப் பார்த்தார்.

இதை எழுத வைத்ததும் உங்களில் ஒருவர்தான். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் வேட்டைத் துவக்குப் படம் போட்ட தொப்பியோடு வந்திருந்தீர்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "என்னட்ட லைசென்ஸ் இருக்கு அன்ரி. சட்டம் தடுக்கேல்லத்தானே?" என்று கேட்டீர்கள். சட்டம் தடுக்கவில்லை. அந்த இடத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்.

நான் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில் தையல் தொழிற்சாலை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவள். என்னைப் பழக்கியவர் ஒரு டெனிஷ் பெண்மணி. ஆள் கொஞ்சம் கறார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதவு மணியை அடித்துவிட்டு ஓர் எட்டு பின்னால் போய் நிற்பார். கைகள் இரண்டும் தெரியும்படி நிற்பார். கதவு திறந்தாலும் உடனே உள்ளே போகமாட்டார். இன்னும் எத்தனை வீடு கிடக்கிறது, இந்த அம்மா நின்று படம் காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சல் வரும். ஒரு நாள் கேட்டுவிட்டேன். "நாங்கள் அவர்களைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நீ நினைக்கிறாய். முதலில் அவர்கள் எங்களைப் பார்க்க வேண்டும். பார்த்து, சரி என்று நினைத்தால்தான் அது வேலை. இல்லாவிட்டால் அது அத்துமீறல்" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு வீட்டு வாசலில்தான் அதன் பாரம் விளங்கியது.

ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் குழுவில் தமிழர் இரண்டு பேர், நானும் நிரோஷனும். நிரோஷன் இங்கே பிறந்தவன். முப்பது வயதை ஒட்டிய ஆள், நல்ல உயரம். நான் தமிழில் கேட்டால் அவன் டெனிஷில் பதில் சொல்வான். ஆனால் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கிழவர்களுக்குச் சவரம் எடுப்பதில் அவனைப் போல் பொறுமையான கை நான் கண்டதில்லை. நடுங்குகிற கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிடுவான்.

அவன் ஒரு வேட்டைக்காரன். மேற்கு யூட்லாந்தில் இது ஒரு புதினமான விஷயம் இல்லை. இலையுதிர் காலம் வந்தால் எங்கள் சாப்பாட்டறையில் பாதிக் கதை மானைப் பற்றியும் காட்டு வாத்தைப் பற்றியும்தான். ஆனால் எங்கள் ஆக்களில் வேட்டைக்குப் போகிறவர் குறைவு. நிரோஷன் முறைப்படி படித்து, சோதனை எழுதி, அனுமதி எடுத்து, இரண்டு துவக்கு வாங்கி, வீட்டில் இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தான். ஒரு முறை மான் இறைச்சி கொண்டுவந்து தந்தான். நான் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைத்துக் கொடுத்தேன். சாப்பாட்டறையில் டெனிஷ்காரர் கண்ணில் தண்ணீர் வரத் தின்றார்கள், பிறகு மறுபடியும் எப்போது சுடப் போகிறாய் என்று அவனை நச்சரித்தார்கள்.

அவன் சேர்ந்த வேட்டைக் கிளப்பில் அவன்தான் முதல் தமிழன். குளிர்காலம் தொடங்கும்போது கிளப்பில் ஒரு சுவெற்றர் கொடுத்தார்கள். கடும் பச்சை, தடித்த கம்பளி. முதுகில் பெரிதாக ஒரு நரியின் தலை, நேரே பார்த்து வாயைத் திறந்தபடி. அதன் பின்னால் குறுக்கும் மறுக்குமாக இரண்டு துவக்கு. சுற்றி வர வட்டமாகத் தோட்டாக்கள். எங்கள் நகரசபையான கொம்யூன் தருகிற வேலை உடுப்பு அரைக்கை, ஆகவே வீட்டுக்கு வீடு போகும்போது எல்லோரும் சொந்தமாக ஒரு சுவெற்றரை மேலே போட்டுக்கொள்வோம். நிரோஷன் இதைப் போட்டுக்கொண்டு வந்தான்.

எங்கள் அலுவலக ஒழுங்கையில் அவன் முதுகை முதன்முதலாகக் கண்டபோது நான் நடந்த நடையில் நின்றுவிட்டேன். ஏன் என்று என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வட்டமாகத் தோட்டா, நடுவில் வாயைத் திறந்த ஒரு விலங்கின் தலை, பின்னால் இரண்டு துவக்கு. எங்கள் தலைமுறையில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் அதை நரி என்று சொல்லமாட்டார்கள், புலி என்றுதான் சொல்வார்கள்.

"தம்பி, உந்தச் சுவெற்றரை என்னத்துக்குப் போட்டுக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்து, "அன்ரி, அது நரி" என்றான். பிறகு டெனிஷில், எங்கள் கிளப்பின் அடையாளம், உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டான்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "என் கிளப்பில் மற்ற எல்லோரும் இதைப் போட்டுக்கொண்டு சுப்பர் மார்க்கெற்றுக்குப் போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் போட்டால் டெனிஷ்காரர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், தமிழர் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். நான் களவாகவா துவக்கு வைத்திருக்கிறேன்? இப்போது இதைக் கழற்றினால், இது அவர்களுக்குத்தான் பொருந்தும், எனக்குப் பொருந்தாது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நான் கழற்றமாட்டேன்."

அதில் நியாயம் இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது. எங்கள் பொறுப்பாளர், அவரை நாங்கள் லீடர் என்றுதான் சொல்வோம், பக்கத்தில் நின்றார். அவருடைய கணவரும் வேட்டைக்காரர். "என் மனிசன் காரில் ஒரு மான் படம்கூட ஒட்டமாட்டார். வீட்டில் துவக்கு இருக்கிறது என்று ஊருக்கு ஏன் அறிவிக்க வேண்டும் என்று கேட்பார்" என்றார். நிரோஷன் அவரைப் பார்த்து, "அவர் ஒட்டினாலும் அவரை ஒருவரும் சந்தேகப்படப் போவதில்லை" என்றான். கதை அன்றைக்கு அதோடு நின்றது.

இப்போது, நாங்கள் அப்பு என்று கூப்பிட்ட முதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே தமிழ் வீடு அவருடையது. மன்னார்ப் பக்கத்தில் வயல் செய்த கமக்காரர். மனைவி இறந்துவிட்டார், ஒரு மகள் கனடாவில். மாடிவீட்டில் தனியாக இருந்தார். அவருடைய யன்னலில் இருந்து பார்த்தால் கார் நிறுத்துகிற இடம் முழுக்கத் தெரியும். சலரோகம், ஒரு நாளைக்கு இரண்டு தரம் இன்சுலின் போட வேண்டும், கிட்டவுள்ள சிறிய எழுத்துத் தெரியாததால் அவருக்குத் தானாகப் போட முடியாது. வந்த காலத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓரளவு டெனிஷ் கதைத்தவர். வயது போகப் போக அது கழன்று போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சியது. நினைவும் இடையிடையே தடுமாறும். ஆனாலும் தன் வீட்டில், தன் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்துக் குடித்துக்கொண்டு இருந்தார்.

கொம்யூனில் அவரைப் பற்றி ஒரு கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இவர் தனியாக இருப்பது சரிவராது, முதியோர் இல்லத்துக்கு மாற்ற வேண்டும் என்று. அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பசிக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லாத இடத்தில் போய் இருந்து அவர் என்ன செய்வார்? அவரைக் கட்டிலும் கதிரையுமாக வைத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. "என்னை இங்கயே சாக விடு பிள்ளை" என்று என்னிடம் ஒரு தரம் கேட்டிருந்தார். ஆட்களை ஒழுங்காக உள்ளே விட்டு, ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு இருக்கும்வரைக்கும் ஒருவரும் அவரை அசைக்கமாட்டார்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

நிரோஷன் என்றால் அவருக்கு உயிர். கோடை முழுக்க அவன் வருகிற நேரத்துக்கு யன்னலில் நிற்பார். சவரம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

குளிர் வந்து அந்தச் சுவெற்றர் வந்த பிறகு, ஒரு நாள் காலையில் அப்பு கதவைத் திறக்கவில்லை. கதவைத் திறக்கிற திறப்பு எங்களிடம் இருந்தது, ஆனால் உள்ளே சங்கிலி போட்டிருந்தார். நிரோஷன் கதவிடுக்கால் கூப்பிட, "வராதை. போ" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பின்னேரம் நான் போனபோது என்னை உள்ளே விட்டார். காரணம் கேட்டேன். "அந்தப் பெடியனை அனுப்பாதை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

லீடர், நோய் முற்றுகிறது என்றார். நிரோஷன், தன்னுடைய தமிழ் சரியில்லை என்று அப்பு வெறுக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் உடைந்துபோனான். எனக்கோ காரணம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. முதுகில் இருந்த படம்தான். அப்பு அதை வேறொன்றாகப் பார்த்திருக்கிறார், பழைய பயம் கிளம்பிவிட்டது. சாப்பாட்டறையில் எல்லோருக்கும் விளக்கமும் கொடுத்தேன், ஏதோ பெரிய பண்டிதர் மாதிரி. லீடர் நிரோஷனிடம், அந்த வீட்டுக்குப் போகும்போது மட்டும் சுவெற்றரைக் காரில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவன் முகம் இறுகிவிட்டது. "இது எல்லோருக்குமான விதியா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டான். எங்கள் குழுவில் துவக்குப் படத் தொப்பி போடுகிற ஒரு டெனிஷ்காரரும் இருந்தார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். லீடர் அன்றைய வேலைப் பட்டியலை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். அவன் சுவெற்றரைக் கழற்றவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு நாள் லீவு. திரும்பி வேலைக்கு வந்த காலையில் லீடர் வாசலிலேயே என்னைப் பிடித்தார். நான் இல்லாத நேரத்தில் அப்பு ஒருவரையுமே உள்ளே விடவில்லை. நிரோஷன் போனபோது சங்கிலி, டெனிஷ்காரர் போனபோதும் சங்கிலி. நேற்று முழுக்க ஊசி இல்லை. இன்றைக்குக் காலையிலும் இல்லை. "பூட்டுக்காரரையும் பொலிஸையும் கூப்பிடப் போகிறேன். வேறு வழி இல்லை. இதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். பொலிஸ் என்றால் சீருடையும் இடுப்பில் துவக்கும். அவர்கள் கதவை வெட்டிக்கொண்டு உள்ளே போனால் அப்புவின் நெஞ்சு அங்கேயே நின்றுவிடலாம். நிற்காவிட்டாலும் அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார். எனக்கு அரை மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டேன். "அவருக்கு ஏதும் நடந்தால் நீயும் நானும் பதில் சொல்ல வேண்டும்" என்று சொல்லித்தான் லீடர் விட்டார்.

நிரோஷன் காரை எடுத்தான். அவன் அந்தச் சுவெற்றரோடுதான் இருந்தான். காரிலேயே இரு, நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தலையாட்டினான். ஆனால் நான் மாடி ஏறும்போது பின்னால் அவனுடைய காலடி கேட்டது. சண்டை பிடிக்க நேரம் இல்லை. படிக்கட்டிலேயே நில், கதவிடுக்கால் தெரியாத இடத்தில் நில் என்றேன்.

மணியை அடித்தேன். என்னைப் பழக்கிய அந்த டெனிஷ் அம்மா ஓர் எட்டு பின்னால் நிற்பார். எனக்கு அது போதாது என்று பட்டது. திறப்பைப் போட்டுச் சங்கிலி விடும் அளவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் தரையிலேயே இருந்துவிட்டேன். அந்த வயதில் தரையில் இருந்தால் எழும்புவது ஒரு பாடு, ஆனாலும் இருந்தேன். உள்ளே நடைபாதையில் அப்புவும் தரையில்தான் இருந்தார். சுவரோடு சாய்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"அப்பு, நான்தான். தண்ணி குடிச்சனீங்களோ?"

"குடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். அடங்குதில்லை."

மெதுவாகத்தான் பேசினார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னார். பிள்ளைகளே, நான் இந்த இடத்தில் எதைக் கவனித்தேன் என்பதை நீங்களும் கவனியுங்கள். அவருடைய குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், சொல் குழறியிருந்தால், நான் அந்தக் கணமே சங்கிலியை உடைக்கச் சொல்லியிருப்பேன். அவருடைய பயத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று அவரைச் சாக விட எனக்கு உரிமை இல்லை. அது வரைக்கும் பேசலாம் என்று தீர்மானித்தேன்.

"சங்கிலியைக் கழட்டுங்கோ அப்பு. ஊசியைப் போட்டிட்டுப் போறன்."

"ஆர் வந்தாலும் திறக்கமாட்டன். திறந்தா உனக்குப் பின்னால அந்தப் பெடியனும் வருவான்."

"அவன்ர சுவெற்றரில கிடக்கிறது நரி அப்பு. நீங்கள் நினைக்கிறது இல்லை. இங்க வேட்டைக்குப் போற ஆக்களின்ர படம்."

அப்பு என்னை ஒரு விசரியைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "நரி எண்டு எனக்குத் தெரியாதே? நான் காட்டுக்குள்ள கிடந்தவன். நரியின்ர மூஞ்சி எனக்குத் தெரியும்."

நான் சாப்பாட்டறையில் கொடுத்த விளக்கம் எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்துபோனது.

"அப்ப ஏன் அப்பு?"

தண்ணீர்க் கோப்பையைத் தேடினார், அது பக்கத்திலேயே இருந்தது, எடுத்துக் குடித்தார். பிறகு, "என்னட்டயும் துவக்கு இருந்தது" என்றார்.

வயலுக்குப் பன்றி வருகிறது என்று எழுதிக் கொடுத்து முறைப்படி எடுத்த துவக்கு. அந்தப் பக்கத்தில் அவரிடம்தான் இருந்தது. அதோடு தோட்டா செருகுகிற ஒரு தோல் பட்டி. அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு வயலுக்கு மட்டும் போகவில்லை. "சந்திக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் கட்டிக்கொண்டுதான் போவன். கோயில் பெருநாளுக்கும் கட்டினனான். சனம் பாக்கும். எனக்கு அது ஒரு எடுப்பு" என்றார். பிறகு காலம் கெட்டது. துவக்கை ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தார்கள், கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். வீட்டில் பட்டிகூட இல்லை. ஆனால் பட்டியோடு அவர் நடந்ததை ஊர் மறக்கவில்லை. ஒரு நாள் பொழுது பட ஆட்கள் வந்தார்கள். துவக்கை எடு என்றார்கள். கொடுத்துவிட்டேன் என்றார், நம்பவில்லை. வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

"மூத்தவன் கையைக் கழுவிக்கொண்டு நிண்டவன். சாப்பிட வந்தவன். அவனைக் கூட்டிக்கொண்டு போச்சினம். நீ துவக்கைக் கொண்டு வா, இவனை விடுறம் எண்டு சொல்லிச்சினம். இல்லாத துவக்குக்கு நான் எங்க போறது?"

யார் வந்தது என்று நான் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆர் எண்டு கேக்காதை. ஆரெண்டாலும் பிள்ளை வரேல்ல."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவராகவே தொடர்ந்தார்.

"இந்தப் பெடியன் காரால இறங்கி வாறதை நான் யன்னலால பாக்கிறனான். முதுகில துவக்கைக் காட்டிக்கொண்டு வாறான். எத்தினை வீட்டு யன்னல் இருக்கு இந்த இடத்தில. அவனுக்குப் பின்னால ஆக்கள் வருவினம். நான் கதவைத் திறந்தா, அவங்கள் வரேக்க அவன் என்ர வீட்டுக்குள்ள எல்லோ நிப்பான்." மூச்சு வாங்கினார். "இன்னொரு பிள்ளையை என்ர வீட்டில இருந்து கொண்டுபோக நான் விடமாட்டன். ஊசி இல்லாட்டி நான் சாவன், அவ்வளவுதானே. நீயும் போ பிள்ளை, அவனையும் கூட்டிக்கொண்டு போ."

அவர் சங்கிலி போட்டது நிரோஷனுக்குப் பயந்து இல்லை. நிரோஷனுக்காகப் பயந்து. அதற்காக அந்த மனிதர் ஊசி இல்லாமல், சாப்பாடு இல்லாமல், தாகத்தோடு தரையில் இருந்திருக்கிறார். அந்தச் சங்கிலி இடைவெளியால் அவரைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். வேலை நேரத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். சரிதான். எனக்கு அன்றைக்கு முடியவில்லை.

படிக்கட்டில் நின்ற நிரோஷனுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அவன் தமிழை மெதுவாகத்தான் பிடிப்பான். திரும்பிப் பார்த்தேன். அவன் சுவெற்றரைத் தலைக்கு மேலால் இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றி, படம் உள்ளே போகும்படி புரட்டி, மடித்துப் படியில் வைத்தான். அரைக்கை உடுப்போடு வந்து என் பக்கத்தில் தரையில் இருந்தான். கைகள் இரண்டையும் முழங்காலுக்கு மேலே வைத்துக்கொண்டான்.

"அப்பு, நான் வந்திட்டன்" என்றான். அந்தக் குளிரில் அவனுக்குக் கை மயிர் எல்லாம் நின்றது.

"உன்னட்டத் துவக்கு இருக்கோ?" என்று அப்பு கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு பொய்யோடு கதவு திறந்துவிடும். அவன் பொய் சொல்லவில்லை. "ஓம் அப்பு. ரெண்டு இருக்கு. பூட்டி வச்சிருக்கிறன். திறப்பு என்னட்ட மட்டும்தான்."

"ஆருக்குத் தெரியும்?"

அவன் யோசித்தான். "இந்தச் சுவெற்றரைப் போட்டதால எல்லாருக்கும் தெரியும்" என்றான். படியில் கிடந்த சுவெற்றரைத் திரும்பிப் பார்த்தான். "இனித் தெரியாது அப்பு."

அப்பு சுவரைப் பிடித்து எழும்பினார். எழும்பவே நெடுநேரம் எடுத்தது. கதவை மூடினார். அந்த ஒரு கணம், எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

சீனி பயங்கரமாக ஏறியிருந்தது. வைத்தியருக்கு அறிவித்து, ஊசி போட்டு, பக்கத்திலேயே இருந்தோம். நிரோஷன் அவருக்கு முகம் துடைத்துவிட்டுச் சவரமும் எடுத்தான். எடுக்கத் தேவையில்லை, அன்றைக்கு அதற்கு நேரமும் இல்லை, ஆனால் எடுத்தான். போகும்போது அப்பு அவனை மேலும் கீழும் பார்த்து, "குளிருது. போட்டுக்கொண்டு போ. மறுவளமாப் போடு" என்றார். அவன் படியில் கிடந்த சுவெற்றரை எடுத்துத் தையல் எல்லாம் வெளியே தெரிய மறுபக்கமாகப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

லீடரிடம் நடந்ததைச் சொன்னோம். வேலை நேரத்தில் துவக்குப் படம் போட்ட எந்த உடுப்பும் யாரும் போடக்கூடாது என்று எல்லோருக்குமாக ஒரு விதி வந்தது. தொப்பிக்காரர் முணுமுணுத்தார். நிரோஷன் முணுமுணுக்கவில்லை, எல்லோருக்கும் ஒன்று என்றால் தனக்குச் சரி என்றான். அப்புவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிற கதையும் அதோடு படுத்துவிட்டது. அவருக்கு வேறு ஒருவரையும் அனுப்பாமல் எங்கள் இருவரையும் மட்டும் மாறி மாறி அனுப்பினார்கள்.

தொப்பி போட்டுக்கொண்டு வந்த தம்பிக்கு இப்போது நேரே சொல்கிறேன். இது வேலை நேரத்துக்கு மட்டும் உள்ள கதை என்று நான் நினைக்கவில்லை. துவக்கு வைத்திருப்பதை நான் பிழை சொல்லவில்லை. மான் கறியைத் தின்றவள் நான். உங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நிரோஷன் சொன்னதிலும் உண்மை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அதற்காகச் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன். கிளப்பில் போடுங்கள், காட்டில் போடுங்கள். அங்கே எல்லோருக்கும் அது என்ன என்று தெரியும். ஆனால் துவக்கை இரும்பு அலுமாரிக்குள் பூட்டிவிட்டு அதன் படத்தை முதுகில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதன் நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதுகில் கிடப்பதை நீங்கள் பார்ப்பதில்லை, மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள். அவர்களில் யார் என்ன பார்த்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்து நான் சொன்னதும் பிழையாகத்தானே போனது.

சட்டம் தடுக்கவில்லை, அது சரி. ஆனால் சட்டம் தடுக்காத எத்தனையோ காரியத்தை நாங்கள் மற்றவரின் முகத்துக்காகச் செய்யாமல் விடுகிறோம். இதையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை.

அப்பு அதற்குப் பிறகும் நெடுநாள் தன் வீட்டிலேயே இருந்தார். நிரோஷன் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "ஆரும் கண்டவையோ?" அவன் கதவைச் சாத்திக்கொண்டு, "இல்லை அப்பு, ஒருத்தரும் காணேல்ல" என்பான். அப்போதுதான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிச் சவரத்துக்குக் கன்னத்தைக் கொடுப்பார். அவன் சாதாரண நீலச் சுவெற்றரோடுதான் வந்துகொண்டிருந்தான், ஆனாலும் கேட்பார். பிறகு பிறகு என் பெயரை மறந்தார். மகளின் பெயரை மறந்தார். சாப்பிட்டதா இல்லையா என்பதை மறந்தார். அந்தக் கேள்வியை மட்டும் மறக்கவில்லை.

கடைசிக் காலையில் நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். அவருடைய சொந்தக் கட்டில், சொந்த யன்னல். கண் திறக்கவில்லை, பேச்சு முதல் நாளே நின்றுவிட்டது. நிரோஷன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து அவருடைய முகத்தைத் துடைத்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் குனிந்து, அவருடைய காதுக்குப் பக்கத்தில் சொன்னான்.

"ஒருத்தரும் காணேல்ல அப்பு. நான் தனியத்தான் வந்தனான்."